ஐந்து நிமிடப் பேச்சாளனின் ஒரு மணி நேர ஜெபம்

சென்ற மாதம் பீளமேட்டில் ஒரு கல்லூரிப் பேச்சுப் போட்டிக்கு என்னை நடுவராக அழைத்திருந்தார்கள், நண்பரே. இருபத்தாறு வயதில் கிடைக்கும் நடுவர் நாற்காலியில் எப்படி அடக்கமாக அமர்வது என்று பேருந்திலேயே பயிற்சி செய்துகொண்டு போனேன். ‘துன்பத்தில் வளர்வது நம்பிக்கையா, விரக்தியா?’ என்பது தலைப்பு. நம்பிக்கையின் பக்கம் பேச வந்த மாணவி முதல் வரியிலேயே அவையைத் தன்வசப்படுத்தினாள். எனக்குத்தான் கவனம் நிற்கவில்லை. முன்னால் இருந்த மேசைக்குப் புதிதாக வார்னிஷ் அடித்திருந்தார்கள்.

அது என் அப்பாவின் சட்டை வாசனை. அப்பா மோட்டார்களுக்குக் காயில் கட்டுபவர். சுற்றிய செம்புக் கம்பியை வார்னிஷில் நனைத்துக் காய வைப்பது அவருடைய தொழில். எத்தனை சோப்புப் போட்டுக் குளித்தாலும் ஞாயிறு ஆராதனைக்கு அவரோடு அந்த வாசனையும் வரும். நான் இரண்டு வரிசை தள்ளி உட்காருவேன். வாசனை மட்டுமே காரணம் என்று சொன்னால் பொய்யாகிவிடும். வேதபாடம் வாசிக்கும் முறை வந்தால், பாபிலோன் ராஜாவின் நீளமான பெயரை அவர் நான்கு இடங்களில் நின்று, மூச்சு வாங்கிக் கடப்பார்.

நானோ சபையின் செல்லப் பேச்சாளன். உபத்திரவத்தின் நன்மைகளை மூன்று உட்தலைப்புகளில் விளக்கி, வாலிபர் கூட்டத்துக்கு வந்திருந்த பெரியவர்களையே கண்கலங்க வைத்தவன். அதுவரை நான் பட்ட உபத்திரவங்களில் தலையாயது, கோபிசெட்டிபாளையத்தில் ஒருமுறை இரண்டாம் பரிசு வாங்கியது.

நான் கல்லூரியில் இறுதியாண்டு படித்தபோது, ஒரு திங்கட்கிழமை, கம்பியைக் கையில் பிடித்தபடியே அப்பா கடையில் சரிந்து விழுந்தார். பக்கவாதம். வலக்கையும் பேச்சும் போயின. பேச்சில் ஒரே ஒரு சொல் மட்டும் எப்படியோ மிஞ்சியிருந்தது: “பரவால்லீங்க.”

நர்ஸ் ஊசி குத்தினாலும் பரவால்லீங்க. கஞ்சி நாக்கைச் சுட்டாலும் பரவால்லீங்க. வேண்டும் என்பதற்கும் அதுதான், வேண்டாம் என்பதற்கும் அதுதான்.

“போர்வை கேக்கறாரா, பேன் போடச் சொல்றாரான்னே தெரிய மாட்டீங்குது கண்ணு,” என்று அம்மா கையைப் பிசைவார்.

பெற்ற மகனான என்னிடமும் அப்பா அதே மரியாதையோடுதான் பேசினார். என் பெயர் அவர் வாயில் வரவேயில்லை. பேச்சு திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார் மருத்துவர். பலருக்கு மேடைப் பயிற்சி தந்தவன் நான். வீட்டில் சும்மா இருப்பேனா? கண்ணாடி முன் அவரை உட்கார வைத்து, “அ… சொல்லுங்கப்பா, அ…” என்றேன். என் வாயசைவையே உற்றுப் பார்த்து, கழுத்து நரம்பு புடைக்க முயன்று, “பரவால்லீங்க” என்றார்.

எங்கள் சபையில் இத்தகைய வேளைகளில் சங்கிலி ஜெபம் வைப்பார்கள். விடிகாலையிலிருந்து மாலை வரை, மணிக்கு ஒருவராக முறைபோட்டு, அவரவர் இருக்குமிடத்தில் ஜெபிக்க வேண்டும். நடுவில் சங்கிலி அறுபடக் கூடாது. பட்டியல் போடுபவர் தையல் கடை ரூத் அக்கா. ஒரு கையில் தூக்குப்போசி நிறைய அரிசியும் பருப்புஞ்சாதம், மறு கையில் நோட்டு என்று வந்து நின்றார்.

“ஏனுங்க தம்பி, உங்களுக்குக் காலைல ஆறுலருந்து ஏழு போட்டிருக்கேனுங்க. ஒரு மணி நேரம் உங்களுக்கெல்லாம் எந்த மூலைக்குங்க? கொஞ்சம் அனுசரிச்சுக்கோங்க!”

அதிலிருந்த கிண்டல் அப்போது எனக்கு எட்டவில்லை. பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை சரியாக ஆறு மணிக்கு அப்பாவின் கட்டிலருகே முழங்காலிட்டேன். கம்பீரமான விளிப்போடு தொடங்கி, அவர் குணமடைய வேண்டியதற்கான காரணங்களை அடுக்கி, வேதத்திலிருந்து சான்றுகள் காட்டி, எழக்கூடிய மறுப்புகளுக்கும் முன்கூட்டியே விடையிறுத்து, உருக்கமாக ஆமென் சொல்லிக் கண் திறந்தேன். மணி ஆறு ஐந்து. பள்ளிக்காலம் முதல் ஐந்து நிமிடப் போட்டிகளுக்கே பழகிய நாக்கு, கடவுளிடமும் நேரம் தவறவில்லை. அதையே வேறு சொற்களில் இன்னொரு முறை ஜெபித்தேன். ஆறு பத்து. அதன்பின் சரக்கில்லை.

மூன்றாம் முறை வாயைத் திறந்தபோது வந்தது செந்தமிழ் அல்ல. “எங்கப்பா யாருக்கு என்னங்க கெடுதல் பண்ணுனாரு? ஒரே ஒருக்கா எம்பேரச் சொல்ல வெச்சுருங்க ஆண்டவரே…”

அப்போது அப்பாவின் இடக்கை என் தலைமேல் விழுந்தது. “பரவால்லீங்க.”

ஆண்டவரின் சார்பில் அப்பா பதில் சொன்னாரா, அப்பாவின் வாயிலிருந்து ஆண்டவரே சொன்னாரா என்று சிலிர்த்துப்போய் நிமிர்ந்து பார்த்தேன். அவர் கண் கட்டிலடிப் பாத்திரத்தின்மேல் இருந்தது; சிறுநீர் கழிக்க வேண்டும் என்றுதான் சொல்லியிருந்தார். பாத்திரம் பிடித்து, துடைத்து, வேட்டி மாற்றிவிட்டு மீண்டும் உட்கார்ந்தேன். எடுத்துவைக்க வாதம் ஒன்றும் மிச்சமில்லை. எழுந்து போகவும் மனமில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஏழு மணி வரை அப்படியே இருந்தேன். கேட்டுக்கொள்வதற்கு மேலே ஒருவர் இருக்கிறார் என்பதை, நான் பேசாமலிருந்த அந்த நேரத்தில்தான் முதன்முதலாக நம்பினேன்.

சங்கிலி ஜெபம் அன்று மாலையே நிறைவுற்றது. நான் என் ஆறு மணியை விடவில்லை. மாதக்கணக்கில் தொடர்ந்தேன், சொற்கள் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தன. மேடையில் இப்படிக் குறைந்திருந்தால் கீழே இறக்கியிருப்பார்கள்.

ஏழாவது மாதம் அப்பாவுக்குப் பேச்சு திரும்பியது. முதலில் வந்தது என் பெயர் அல்ல. ரூத் அக்கா கொண்டுவந்த சாதத்தில் ஒரு வாய் வாங்கி, “உப்புக் கம்மி” என்றார்.

அம்மா அழுதார். “ஸ்தோத்திரம்! ஆனாலும் எஞ்சோத்தக் கொறை சொல்லித்தான் இந்த மனுசன் வாயத் தொறக்கோணுமாக்கும்!” என்று ரூத் அக்காவும் அழுதார். என் பெயர் அதற்குப் பத்துப் பதினைந்து நாள் கழித்து, மின்விசிறியை நிறுத்தாமல் போனதற்கான வசவோடு வந்தது. குளியலறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டு அழுதேன்.

இப்போது அப்பா கடைக்குப் போகிறார்; இடக்கையால் வேலை காட்டுகிறார், வாயால் வேலை வாங்குகிறார். இரவுச் சாப்பாட்டுக்கு முன் குடும்ப ஜெபம் என் பொறுப்பு. “சுருக்கா முடிச்சுப்போடு கண்ணு, சோறு ஆறிப்போகுது,” என்பார். முடித்துவிடுகிறேன். சொற்கள் பழையபடி வரிசையில் வந்து நிற்கின்றன. முடிவுரைகூட அழகாக அமைந்துவிடுகிறது. அப்பாவுக்குப் பேச்சு திரும்பிவிட்டது, எனக்கும் திரும்பிவிட்டது. அவர் படுத்திருந்த இரும்புக் கட்டிலைக் கழற்றி, வேறு யாருக்காவது உதவும் என்று ரூத் அக்கா கேட்டு வாங்கிப் போனார். சொல்வதற்கு ஒன்றுமில்லாமல் நாங்கள் இருவரும் கைபிடித்து இருந்த அந்த ஆறு மணியும் அதோடு வீட்டைவிட்டுப் போய்விட்டது.