பேச்சு வரும் வேகம்

பரமத்தி வேலூர் ரோட்டில் என் கோழிப்பண்ணை இருக்கிறது. பன்னிரண்டாயிரம் முட்டைக்கோழிகள். சித்திரை வெயிலில் ஏதாவது ஒரு ஷெட்டில் கோழிகள் வாயைப் பிளந்து மூச்சு வாங்க ஆரம்பித்தால், கேட்டில் வண்டியை நிறுத்தும்போதே எனக்குத் தெரிந்துவிடும். உடனே கூரைமேல் தண்ணீர் அடிப்பேன். கோழி மிரளக்கூடாது என்று ஆட்களை உள்ளே நடக்கவும் விடமாட்டேன். இவ்வளவு தெரிந்த என் மூளை, மனைவி விஷயத்தில் எங்கே போய் மேய்ந்துகொண்டிருந்தது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

அவளுக்குக் குடலிறக்கம். ஆபரேஷன் செய்தாக வேண்டும். ஆனால் இந்த உடம்புக்கு மயக்க மருந்து கொடுப்பது ஆபத்து, எடை கொஞ்சம் இறங்கட்டும், நடந்து நடந்து நெஞ்சும் பலப்படட்டும் என்று சேலத்து டாக்டர் சொல்லிவிட்டார். வீட்டு எடை மெஷின் அவள் பாரத்தைத் தாங்காமல் எண்ணே காட்டவில்லை. பண்ணை ஆட்கள் சாப்பிடப் போன நேரமாகப் பார்த்து, தீவன மூட்டை நிறுக்கும் தராசில் ஏறி நின்றாள். நூற்று இருபத்தெட்டு கிலோ. இறங்கி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்கிருந்து நடக்கறேனுங்க" என்றாள்.

நானும் கூடப் போனேன். கூட என்று சொல்வது பொய். இருபதடி முன்னால் போனேன். வேர்த்துக்கொட்டி மூச்சு வாங்கினால்தான் கொழுப்பு கரையும் என்று போனில் வந்த வீடியோவில் ஒரு புண்ணியவான் பேசியதைக் கேட்டு வைத்திருந்தேன். காலை ஆறு மணிக்கு ஏரிக்கரையில் என் சத்தம் மட்டும்தான் கேட்கும்.

"வெரசா வா அம்மிணி! சாமி ஊர்வலத்துலயா போறோம்?"

பதிலே வராது. கோபித்துக்கொண்டுதான் பேசாமல் வருகிறாள் என்று எனக்கு எரிச்சல் வேறு.

மூன்றாவது வாரம் ஒருநாள் திரும்பிப் பார்த்தேன். மதகுச் சுவரில் உட்கார்ந்திருந்தாள். நான் நின்ற இடத்திலிருந்தே கைதட்டினேன். கூண்டிலிருந்து வெளியே வந்துவிட்ட கோழியை விரட்டுகிற அதே கைதட்டல். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து வந்தாள். வீட்டுக்குப் போய்க் காபி குடித்தோம்.

அடுத்த மாதம் ஆஸ்பத்திரியில் பிசியோதெரபி பார்க்கும் பெண், என் மனைவி விரலில் கிளிப் மாதிரி ஒரு கருவியை மாட்டி, வராந்தாவில் வழக்கமான வேகத்தில் நடக்கச் சொன்னாள். சும்மா இருக்காமல், "எனக்கும் ஒண்ணு மாட்டுங்க" என்றேன். யார் உடம்பு எப்படி என்று மனைவிக்குக் காட்டிவிட வேண்டும் என்ற கொழுப்புதான், வேறென்ன? இரண்டு பேரும் சேர்ந்து ஆறு நிமிஷம் நடந்தோம். நாடித் துடிப்பு எனக்குத் தொண்ணூற்று நான்கு. அவளுக்கு நூற்று அறுபத்திரண்டு.

"மெஷின் ரிப்பேருங்களா?" என்று கேட்டேன்.

அந்தப் பெண் எங்களைக் கொஞ்ச நேரம் உட்கார வைத்துவிட்டு, கிளிப்புகளை மாற்றி மாட்டி மறுபடி நடக்க வைத்தாள். எனக்கு அதே தொண்ணூற்றுச் சொச்சம், அவளுக்கு அதே நூற்று அறுபதுச் சொச்சம்.

"உங்களுக்கு இது நடை சார். அவங்களுக்கு இது ஓட்டம். எத்தனை நாளா இப்படி?"

நாற்பது நாள். நாற்பது நாளும் இவளை ஓட ஓட விரட்டியிருக்கிறேன். விரட்டிவிட்டு, ஊர்வலமா என்று கேலியும் பேசியிருக்கிறேன்.

"பேசிக்கிட்டே நடக்க முடியணும்மா" என்று அந்தப் பெண் அவளிடம் சொன்னாள். "பேச்சு நின்னுதுன்னா வேகத்தைக் குறைச்சிடுங்க. பழகப் பழக வேகம் தானா கூடும்."

அப்படி நடந்துதான் எடை இறங்கியது, நெஞ்சு தேறியது, ஆபரேஷனும் நல்லபடியாக முடிந்தது. ஆனால் அந்த நடையின் முதல் நாளைத்தான் நான் சொல்லியாக வேண்டும்.

அன்று அவளை முன்னால் விட்டு நான் பின்னால் போனேன். கொஞ்ச தூரம் போனதும் பேச ஆரம்பித்தாள். பக்கத்து வீட்டு எருமை, பாகற்காய் கசப்பு, தங்கை மகளுக்கு வந்திருக்கும் வரன் என்று ஏதேதோ பேசினாள். இத்தனை நாளும் இவளிடம் இவ்வளவு பேச்சு இருந்திருக்கிறது. மதகு வந்ததும் நின்றாள்.

"ஏனுங்க, அன்னைக்கு இங்க உக்காந்துட்டேனே, நெனப்பிருக்குதுங்களா?"

"இருக்குது."

"கண்ணு இருட்டிக்கிட்டு வந்துதுங்க. போயிருவேன்னே நெனச்சேன். உங்களை மூணு தடவை கூப்புட்டேனுங்க. சத்தமே வரலீங்க. அப்பத்தான் நீங்க கைதட்டுனீங்க."

குரலில் கோபமே இல்லை. பாகற்காயைப் பற்றிச் சொன்ன மாதிரியேதான் இதையும் சொன்னாள். சொல்லிவிட்டு மெல்ல நடக்க ஆரம்பித்தாள். நான் அந்த மதகடியிலேயே நின்றேன். என் இரண்டு கைகளையும் எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.