நான் வாசிக்காத ப்ரூப்

எங்கள் சபையில் பெரியவர்களுக்கான திடப்படுத்தல் வகுப்பை ஒன்பது வருடமாக நான்தான் எடுக்கிறேன். முதல்முறை திருவிருந்தில் பங்குபெறப் போகிறவர்களுக்கு விசுவாசத்தின் அடிப்படைகளைச் சொல்லித்தரும் வகுப்பு. பாவம், மன்னிப்பு, கிருபை, உயிர்த்தெழுதல் எல்லாம் எனக்குத் தண்ணி பட்ட பாடு. வாய் மட்டும் போதும் என்றால் நான் எப்போதோ பரிசுத்தவான் ஆகியிருப்பேன்.

போன வருடம் மகளுக்குக் கல்யாணம். பத்திரிகை வேலையை யாரிடமும் விடாமல் நானே இழுத்துப் போட்டுக்கொண்டேன். இறந்துபோனவர் பெயரைப் பத்திரிகையில் போடும்போது எங்கள் ஆட்கள் முன்னால் ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்த’ என்று சேர்ப்பார்கள். செத்தவர் தூங்கத்தான் செய்கிறார், ஒரு நாள் எழுப்பப்படுவார் என்ற நம்பிக்கை அது. என் அப்பா பெயருக்கு முன்னால் வரவேண்டிய அந்த வார்த்தைகள் ஒரு வரி கீழே இறங்கி, அக்காவின் வீட்டுக்காரர் பெயருக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டன. மச்சான் அப்போது வாரத்துக்கு இரண்டு நாள் டயாலிசிஸ் போய்க்கொண்டிருந்தார்.

முதல் பத்திரிகையை அவர்களுக்குத்தான் கொடுக்க வேண்டும் என்று பழத்தட்டோடு கோச்சடையில் அக்கா வீட்டுக்குப் போனேன். மச்சான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாக வாசித்தார்.

“என்ன மாப்ள, கல்யாணத்துக்கு என்னைய எந்திரிச்சு வரச் சொல்றியா?” என்று சிரித்தார்.

அக்கா சிரிக்கவில்லை. அவர் கையிலிருந்து வாங்கிப் பார்த்துவிட்டு என்னைக் கேட்டாள். “நீ ப்ரூப் பாத்தியா, இல்லையா?”

“பாத்தேன்க்கா. திருத்தித்தான் குடுத்தேன். பிரஸ்காரர் கோட்டை விட்டுட்டாரு.”

பொய். தல்லாகுளத்தில் என் ஆபீஸ் பக்கத்திலேயே அந்த பிரஸ். பைக்கை ஆஃப் பண்ணாமலே, அச்சடிக்கும் முன் சரிபார்க்கத் தந்த ப்ரூப் தாளை பெட்ரோல் டேங்க் மேல் வைத்து ‘சரி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுக் கிளம்பியவன் நான். ஒரு வரிகூட வாசிக்கவில்லை.

மீதிப் பத்திரிகைகளில் ஸ்டிக்கர் ஒட்டிச் சமாளித்தோம். மச்சான் கல்யாணத்துக்கு வந்தார், மகள் தலையில் கைவைத்து ஜெபித்தார், என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். இரண்டு மாதத்தில் இறந்துபோனார். அடக்கத்தன்று அக்கா என்னைப் பார்த்து, “நீ அச்சடிச்ச மாதிரியே ஆயிருச்சு” என்று மட்டும் சொன்னாள். அதற்குப் பிறகு என்னிடம் பேச்சு அளந்துதான் வந்தது. வீட்டுக்குப் போனால் கதவைத் திறப்பாள், காபி கொடுப்பாள். கேட்டதற்கு ‘ம்’ என்பாள். சின்ன வயதில் எனக்குத் தலை சீவிவிட்டு ஸ்கூலுக்குக் கூட்டிப்போன அக்கா. இவளை இழந்துவிட்டேனோ என்று பயமாக இருந்தது.

பயத்துக்கு நான் கண்டுபிடித்த மருந்து வேலை. ஒவ்வொரு சனிக்கிழமையும் அவள் வீட்டுக்குப் போய் ஏதாவது செய்தேன். மிக்சியை ரிப்பேருக்குக் கொண்டுபோனேன், மாடித் தொட்டியைக் கழுவினேன், ஒழுகாத குழாய்க்கும் வாஷர் மாற்றினேன். வகுப்பில் என்ன சொல்லித்தருவேன்? கிருபை என்பது சம்பாதிக்கிற சமாச்சாரம் இல்லை, கையேந்தி வாங்கிக்கொள்வது. பலகையில் எழுதிப் போட்டு விளக்குவேன். சனிக்கிழமை மட்டும் எனக்கு அது மறந்துவிடும்.

“கூலி வேலைக்கா வாரே?” என்று அக்கா ஒரு தடவை கேட்டாள். நான் ஸ்பானரை எடுத்துக்கொண்டு அடுத்த குழாய்க்குப் போனேன்.

கோயிலிலும் நிம்மதி இல்லை. பாவ அறிக்கையைச் சபையோடு சேர்ந்து உரக்கச் சொல்வேன். எல்லாருக்கும் பொதுவான பாவங்களை ஒப்புக்கொள்வதில் எனக்குச் சிரமமே இருந்ததில்லை. ஆனால் திருவிருந்துக்கு எல்லாரும் எழுந்து முன்னால் போகும்போது, பாட்டுப் புத்தகங்களை அடுக்குகிற சாக்கில் பின்னாலேயே நின்றுவிடுவேன். பொய்யை வைத்துக்கொண்டு அந்த அப்பத்துக்குக் கை நீட்ட முடியவில்லை. மாதங்கள் அப்படியே போயின.

இந்த வருட வகுப்பில் ஒரு பெண். பரவை மார்க்கெட்டில் காய்கறி மொத்த வியாபாரம், நாற்பது வயதிருக்கும். அவர் வீட்டில் மற்ற எல்லாரும் குலதெய்வம் கும்பிடுகிறவர்கள். அவர் மட்டும் சொந்த விருப்பத்தில் சபைக்கு வந்தவர். எதையும் பேரம் பேசாமல் ஏற்கமாட்டார். மன்னிப்பு இலவசம் என்று நான் முடித்ததும் கையைத் தூக்கினார்.

“மன்னிப்பு சும்மா கெடைக்கும்னா, அதக் கேக்க ஏன் சார் இம்புட்டு கஷ்டமா இருக்கு?”

“அகந்தைதான் காரணம்” என்று புத்தகப் பதிலைச் சொன்னேன்.

“அகந்தைன்னு தெரிஞ்சுக்கிட்டா கேட்டுருவோமா சார்? நான் எங்க நாத்தனார்கிட்ட மூணு வருஷமா கேக்கல. நீங்க யார்ட்டயாவது கேட்டிருக்கீங்களா?”

கிண்டலாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்கு முகம் சுருங்கிப்போனது. வகுப்பைப் பாதியில் முடித்துவிட்டு நேராகக் கோச்சடைக்கு வண்டியை விட்டேன். சனிக்கிழமை இல்லை என்பதால் அக்கா வாசலிலேயே நெற்றியைச் சுருக்கினாள். நான் உள்ளே போய் உட்காரக்கூட இல்லை.

“அக்கா, நான் ப்ரூப் பாக்கவே இல்ல. பாத்தேன்னு சொன்னது பொய். பிரஸ்காரர் மேல எந்தத் தப்பும் இல்ல. என்னைய மன்னிச்சிடுக்கா.”

எத்தனை சின்ன வாக்கியங்கள்.

“தெரியும்டா” என்றாள்.

“எப்படிக்கா?”

“நீ பத்திரிகை குடுத்துட்டுப் போன மறுநாளே உங்க மச்சான் பிரஸ்க்குப் போன் போட்டுக் கேட்டுட்டாரு. ‘அவனா வந்து சொல்லுவான், அதுவரைக்கும் நீ எதுவும் கேட்றாத’ன்னு எங்கிட்டச் சொன்னாரு. அவரு போனதுக்கப்பறமும் நீ வாரா வாரம் வந்து கொழாயத் திருகிட்டுப் போற. அதச் சொல்லல. எனக்கு அதுலதாண்டா கோவம்.”

எல்லாம் தெரிந்துதான் மச்சான் கல்யாணத்துக்கு வந்திருக்கிறார். தெரிந்துதான் என் தோளைத் தட்டியிருக்கிறார். நான் கேட்பதற்கு முன்பே கொடுக்கப்பட்டுவிட்ட மன்னிப்பைப் பற்றி ஒன்பது வருடம் பாடம் நடத்தியிருக்கிறேன், அது என் தோளில் பட்டபோது எனக்குத் தெரியவில்லை. அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். நான் அழுது முடிக்கட்டும் என்று விட்டுவிட்டு அக்கா உள்ளே போனாள்.

திரும்பி வந்தபோது அவள் கையில் ஒரு தாள். மச்சானின் முதலாம் ஆண்டு நினைவு ஆராதனைக்கான அட்டை, பிரஸ்ஸிலிருந்து வந்த ப்ரூப்.

“இதப் பாத்துக் குடு.”

விரலை ஒவ்வொரு வார்த்தையின் கீழும் வைத்து மெதுவாக வாசித்தேன். அவர் பெயருக்கு முன்னால் ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்த’ என்று இருந்தது. ‘எந்திரிச்சு வரச் சொல்றியா’ என்று அவர் சிரித்தது காதில் கேட்டது. ஆமாம் மச்சான், எழுந்து வரத்தான் வேண்டும். நேரில் ஒருமுறை உங்களிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டும். மறுபடியும் முதல் வரியிலிருந்து வாசித்தேன்.

“முழுசா வாசிச்சியா?” என்றாள் அக்கா.

“வாசிச்சேன்க்கா.”

பேனாவை நீட்டினாள். “அப்ப கையெழுத்துப் போடு.”