எலமா தபாசோ முறை கேட்ட நாள்

எலமா தபாசோ வகித்த பதவிக்கு நாற்காலி கிடையாது, முத்திரை கிடையாது, சம்பளம் அறவே கிடையாது. எல்லைக்கு வடக்கே, எத்தியோப்பியப் பக்கத்து ஆழ்கிணற்றில் எந்த மந்தை எப்போது குடிக்கும் என்று சொல்கிற முறைகாரர் அவர். கோடையில் அந்தப் பக்கத்துப் போரானா மேய்ப்பர்களின் மாடுகளுக்கு மூன்று நாளைக்கு ஒரு தரம்தான் தண்ணீர். வரிசை பிசகினால் கம்பு பேசும். பத்தொன்பது வருஷமாக அது வாய் திறக்காமல் பார்த்துக்கொண்டவர் எலமா.

பதவிக்கென்று ஒரு கெத்து இருந்தது. முறைகாரர் தன் மாட்டுக்கு முறை கேட்கமாட்டார். எந்தத் தண்ணீருக்குப் போனாலும் ஓரமாக உட்கார்ந்திருப்பார். அங்குள்ளவர்தான் கூப்பிட வேண்டும்.

தெற்கே, கென்யப் பக்கத்தில், தங்கை புருஷன் கத்தேலோ. கோடை தவறாமல் மந்தையோடு எல்லை தாண்டி வருவார். எலமா அவரை உட்காரவிட்டதே இல்லை. "ஓட்டிட்டு வா மாப்ள, உன் முறைதான்!" என்று தூரத்திலேயே குரல் வந்துவிடும்.

இந்த வருஷம் எலமாவின் கிணறு பக்கச்சுவர் சரிந்து மூடிக்கொண்டது. கத்தேலோ பக்கத்திலோ யாரோ புண்ணியவான்கள் ஆழ்துளைக் கிணறு போட்டு, மோட்டார் வைத்து, 'இருநாட்டு நீர்ப் பகிர்வுக் குழு' என்று பலகையும் நட்டிருந்தார்கள். தலைவர், கத்தேலோ. செல்போனில் தேனாகப் பேசினார்: "மாட்டோட வாங்க மச்சான். திறப்பு விழா. நீங்க இல்லாம எப்படி?"

முப்பத்தெட்டு மாடுகளுடன் இரண்டு நாள் நடந்தார் எலமா. கத்தேலோ கட்டிப்பிடித்தார், கழுத்தில் அட்டை மாட்டினார், பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்தார்.

"மாடு அங்க நிக்குது, மாப்ள" என்றார் எலமா. அவர் அகராதியில் அதுவே கெஞ்சலுக்கு அடுத்த வீடு.

"நிக்கட்டும் மச்சான். நீங்க வடக்குப் பிரதிநிதி. மொதல்ல படம்."

இருவரும் ஒரே குழாயில் கைவைத்துச் சிரிக்கிற மாதிரி படம் எடுத்தார்கள். எலமாவின் சிரிப்பு போதவில்லையென்று மூன்று தரம் எடுத்தார்கள். தண்ணீருக்கு எல்லை கிடையாது என்று ஐந்து பேர் பேசினார்கள். அதற்குள் தெற்கு மந்தைகள் ஒவ்வொன்றாகக் குடித்துப்போயின. கத்தேலோவின் மாடுகள் இரண்டு தரம் குடித்தன. எலமா முதுகு வளையாமல், கூப்பிடும் குரலுக்குக் காத்திருந்தார்.

விருந்தினர் வண்டிகள் கிளம்பின. மோட்டார் நின்றது. கத்தேலோ பூட்டுப் போட்டார்.

எலமா எழுந்து வந்தார். "மாப்ள, என் மாட்டுக்கு முறை குடு."

பக்கத்தில் நின்ற மேய்ப்பர்கள் தரையைப் பார்த்தார்கள். எல்லாரும் அவர் கிணற்றில் தங்கள் மாட்டுக்குத் தண்ணீர் காட்டியவர்கள்.

"அடடா, காலையிலயே கேட்டிருக்கலாமே! உங்க பேரு பட்டியல்ல இல்லையே மச்சான்."

"பட்டியல் எழுதினது யாரு?"

"குழுதான்."

"குழு யாரு?"

கத்தேலோ சாவியைச் சட்டைப்பைக்குள் தள்ளினார். "வடக்கு மாடு ஒண்ண விட்டா, பின்னாடியே ஆயிரம் வரும். உங்களுக்குத் தெரியாததா? கோவப்படாதீங்க. படம் வந்ததும் அனுப்பி வைக்கிறேன்."

எலமா மந்தையை வடக்கே திருப்பினார். முப்பத்தொரு மாடுகள் திரும்பின. ஏழு, ஈரத் தொட்டியை விட்டு நகர மறுத்து அங்கேயே முழங்காலிட்டன. அவற்றைத் தட்டி எழுப்ப அவருக்குக் கை வரவில்லை.