சுடிதாரில் எடுத்த அளவு

ஒரு சைக்கிள் பிரேம் கட்டுவதற்கு முன்னால் அதை ஓட்டப்போகிற ஆளை அளந்தாக வேண்டும். செருப்பைக் கழற்றச் சொல்லி, சுவரோடு முதுகை ஒட்டி நிற்க வைத்து, தடித்த அட்டை போட்ட ஒரு புத்தகத்தைக் கால்களுக்கு நடுவே கொடுத்து, சீட்டில் உட்கார்ந்த மாதிரி மேலே அழுத்திப் பிடிக்கச் சொல்வேன். புத்தகத்தின் மேல் விளிம்பிலிருந்து தரை வரைக்கும் எவ்வளவோ அதுதான் கால் அளவு. மற்ற எல்லாம் அதிலிருந்துதான் வரும். முட்டத்திலிருந்து வந்த மீன் வியாபாரி ஒருவர் என் கல்லூரிப் புத்தகத்தைக் கவட்டையில் இடுக்கிக்கொண்டு, "படிக்காம போனதுக்கு இப்ப தண்டனையா மக்கா?" என்று கேட்டார்.

அவரிடம் கேட்கலாம். சொந்த அக்காவிடம் எப்படிக் கேட்பது?

அக்கா அயர்லாந்தில் நர்ஸ். போய் ஐந்து வருடமாகியிருந்தது. இடையில் வரவே இல்லை. லீவு கிடைக்கவில்லை, கிடைத்தபோது பரீட்சை, பரீட்சை முடிந்தபோது வீடு மாறினாள். கடைசியில் மூன்று வாரம் வருகிறேன் என்று சொன்ன அதே போனில்தான், அங்கேயே நிரந்தரமாக இருப்பதற்கான பேப்பர் போட்டிருக்கிறேன் என்பதையும் சொன்னாள். ஊரில் பால் விலை ஏறிவிட்டது என்று சொல்வது போலச் சொன்னாள். அம்மா நல்லதுதானே என்றாள். அன்று சாயங்காலம் வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். அவளுடைய கட்டில் சித்தி வீட்டுக்குப் போயிருந்தது. மேசையில் நான் கம்ப்யூட்டர் வைத்திருந்தேன். அவள் அறை முழுக்கத் தேங்காய். பழைய துணிகளைத் தவிர இங்கே அவளுக்கென்று ஒரு சாமானும் மிச்சமில்லை. அவளுடைய உடம்புக்கென்றே கட்டிய ஒரு சைக்கிள் இங்கே நின்றால், அதை ஓட்டவாவது வருடத்துக்கு ஒருமுறை வருவாள் என்று நினைத்தேன். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சின்னப்பிள்ளைத்தனமாக இருக்கும்.

ஓசூரில் எட்டு மாதம் ஒரு கம்பெனியில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பார்த்துவிட்டு, போதும் என்று சொந்த ஊரான கருங்கலுக்குத் திரும்பியவன் நான். பெரியப்பா ரப்பர் ஷீட்டுக்குப் புகை போட வைத்திருந்த அறை சும்மா கிடந்தது. அதுதான் என் பட்டறை. கதவைத் திறந்தால் இன்னும் அந்தப் புளித்த புகை வாசம் அடிக்கும். பாதியை வீடியோ பார்த்தே கற்றேன். இரும்பை உருக்காமல் பித்தளையை மட்டும் உருக்கி, இரண்டு குழாய்களுக்கு நடுவே ஓடவிடும் கைப்பக்குவத்தை மட்டும் சந்தையில் பிரிட்ஜ் ரிப்பேர் செய்கிற அண்ணனிடம் போய்ப் பார்த்துக்கொண்டேன். செம்புக் குழாயில் அதே வேலையைத்தான் அவர் தினமும் செய்கிறார். ஒரு பழைய சைக்கிளே வாங்கிவிடலாமே என்று இன்றைக்கும் கேட்பார்.

அளவுக்கு வருகிறேன். அக்காவின் பழைய துணிகள் அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்தன. ஒரு நீல சுடிதாரின் பேன்டை எடுத்துத் தரையில் விரித்து, கவட்டைத் தையலிலிருந்து கால் விளிம்பு வரை டேப் பிடித்தேன். முப்பத்தைந்து அங்குலம். சந்தோஷமாக இருந்தது. எங்கள் வீட்டுப் பெண்களில் அக்காதான் நெட்டை என்பது எல்லோரும் சொல்லும் பேச்சு. அவள் கிளம்பியபோது எனக்குப் பதினேழு, அப்புறம்தான் நான் வளர்ந்தேன். ஐந்து வருடமாக அவளைத் தோளுக்கு மேலேதான் பார்த்திருக்கிறேன், போன் திரையில். அதனால் முப்பத்தைந்து என்பது எனக்குக் கொஞ்சமும் உறுத்தவில்லை.

ஆறு வாரம் வேலை செய்தேன். குழாய் முனையை இன்னொரு குழாயின் வளைவுக்குப் பொருந்துகிற மாதிரி அரத்தால் ராவ வேண்டும். ராவிப் பொருத்தி விளக்குக்கு நேராகப் பிடித்தால் நடுவே வெளிச்சம் தெரியக்கூடாது. தெரிந்தால் மறுபடி அரம். மற்றவர்களுக்குச் செய்தபோது ஒரு முடி அளவு வெளிச்சம் தெரிந்தால் பித்தளை போய் அடைத்துக்கொள்ளும் என்று விட்டிருக்கிறேன். இதில் விடவில்லை. ஒவ்வொரு இணைப்பையும் ராவும்போது அவள் முட்டம் ரோட்டில் கடலைப் பார்த்து இறங்குவதையே நினைத்துக்கொண்டிருந்தேன். மாம்பழ மஞ்சளில் பெயின்ட் அடித்தேன்.

திருவனந்தபுரம் விமான நிலையத்தில் அக்கா வெளியே வந்தபோது அவள் தலை என் மோவாய்க்கு வந்தது. அப்போதே முப்பத்தைந்து அங்குலம் நினைவுக்கு வந்தது. நான் வளர்ந்துவிட்டேன் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் காலையில் பட்டறைக்குக் கூட்டிப்போனேன். அம்மாவும் வந்தாள். மேலே போட்டிருந்த சாக்கை எடுத்ததும் அக்கா கிட்டே வந்தாள். ஹேண்டிலைத் தொட்டாள், இணைப்புகளை விரலால் தடவினாள். பிறகு காலைத் தூக்கிப் போட்டாள். மறுகால் தரையை விட்டுவிட்டது. சைக்கிள் சாய, நான் பிடித்தேன். பெருவிரலை ஊன்றிப் பார்த்தாள். அதுவும் எட்டவில்லை.

"இது யாருக்குலே செஞ்ச?"

"ஒனக்குதான்."

"எனக்க அளவு ஒனக்கு எங்க கெடச்சு?"

சொன்னேன். அம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள். சுடிதார் பேன்டைக் காலின் நீளத்துக்குத் தைப்பதில்லையாம். கணுக்காலில் சுருக்கு விழுவதற்காக ஆறு அங்குலம் கூட்டித்தான் வெட்டுவார்களாம். எனக்கு எப்படித் தெரியும்? சுருக்கு விழுந்ததை நான் பார்த்ததே இல்லையா என்று அம்மா கேட்டாள். பார்த்திருக்கிறேன், யோசித்ததில்லை.

"இஞ்சினீரு படிச்சவன், சவம்" என்று அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எனக்க உயரம் அஞ்சு ரெண்டுதாம்லே. நான் என்ன பனைமரமா?"

சிரிப்பு அடங்கியதும் சரியாக எப்படி அளப்பது என்று கேட்டாள். நான் அம்மாவைப் பார்த்துச் சுவர், புத்தகம் என்று இழுத்தேன். அக்கா புரிந்துகொண்டாள். வீட்டுக்கு வந்து, புத்தகத்தோடு அம்மாவையும் அந்தத் தேங்காய் அறைக்குள் கூட்டிக்கொண்டு கதவைச் சாத்தினாள். உள்ளேயிருந்து அவள் குரல் மட்டும் வந்தது.

"இருவத்தொம்போதே கால். எழுதிக்க. தேங்கா மேல நின்னு அளக்கல்ல கேட்டியா."

எழுதிக்கொண்டேன். இன்னொன்று கட்டக் குழாய் வர வேண்டும், குறைந்தது ஐந்து வாரம். அவள் கையில் இருந்தது பத்தொன்பது நாள். ராத்திரி பகலாகச் செய்துவிடுகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள், நீ பட்டறையில் கிடந்தால் நான் யாரைப் பார்க்க வந்தேன் என்றாள். முட்டத்துக்கு ஸ்கூட்டரில் போனோம். பாறையில் உட்கார்ந்து அவள் அயர்லாந்தில் தான் இருக்கும் ஊரைப் பற்றியே பேசினாள். ஆஸ்பத்திரிக்கு நடந்து நாற்பது நிமிடம், பஸ் சொன்ன நேரத்துக்கு வராது, மழை பக்கவாட்டில் அடிக்கும். அங்கே போகப்போவதைச் சொல்லும்போது 'வீட்டுக்கு' என்றாள். அவள் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.

அவள் போன பிறகு மஞ்சள் சைக்கிளைப் பக்கத்துப் பள்ளியின் பி.டி. மாஸ்டர் வாங்கிக்கொண்டார். வாலிபால் ஆடுகிறவர், அவருக்கு அச்சாக இருந்தது. நான் இரண்டாவதைத் தொடங்கினேன். இருபத்தொன்பதே கால். சின்ன பிரேம், குழாய்கள் நெருங்கி வரும், சுடரைப் பிடிக்க இடமே இருக்காது. அதை முடித்துச் சுவரில் மாட்டினேன். இந்த ஊரில் வேறு யாரும் என்னிடம் கேட்டு வராத அளவு. பார்க்க ஒரு ஆள் முதுகைக் காட்டி நிற்பது போல இருந்தது. பெயின்ட் அடிக்கவில்லை. அடுத்த லீவு வரட்டும் என்று ஒவ்வொரு வாரமும் தள்ளிப்போட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா கூப்பிட்டாள். பேப்பர் வந்துவிட்டதாம். அம்மாவிடம் முதலில் சொல்லிவிட்டு என்னிடம் போனை வாங்கச் சொன்னாள். பிரேமைக் காட்டு என்றாள். காட்டினேன்.

"நல்லா இருக்குலே. அத பெட்டியில போட்டு இஞ்ச அனுப்பு."

அடுத்த வருஷம் நீ வரும்போது ஓட்டலாம் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது.

"எப்ப வருவேன்னு எனக்கே தெரியாது. அது அங்க நின்னு துருப்பிடிக்கதுக்கா நீ செஞ்ச? நான் தெனம் டூட்டிக்கு ஓட்டுவேன்." கொஞ்சம் பொறுத்து, "மட்கார்டு மாட்ட முடியுமா? இஞ்ச எப்பளும் மழை" என்றாள்.

முடியாது. முட்டம் ரோட்டை நினைத்துக் கட்டியதில் மட்கார்டுக்கு ஸ்க்ரூ மாட்ட இடமே வைத்திருக்கவில்லை. முடியும் என்று சொன்னேன்.

மறுநாள் பிரேமைக் கீழே இறக்கினேன். ஸ்க்ரூ போகிற அளவுக்கு நான்கு சின்ன வளையங்கள் கடைந்து, முன்சக்கரம் மாட்டும் இடத்தின் இரண்டு பக்கமும் பின்சக்கரம் மாட்டும் இடத்தின் இரண்டு பக்கமும் பித்தளை விட்டு ஒட்டினேன். நான்காவது ஆறிக்கொண்டிருந்தபோது, குளிர்காலத்தில் அங்கே நாலரை மணிக்கே இருட்டிவிடும் என்று முட்டத்தில் அவள் சொன்னது நினைவுக்கு வந்தது. அவள் கேட்கவில்லை. பின்விளக்கு மாட்ட ஐந்தாவதாக ஒன்றும் வைத்தேன்.