சுகம் கேட்காத சின்னராசா

சின்னராசா யாரிடமும் சுகம் விசாரிப்பதில்லை. உருத்திரபுரத்து வாய்க்கால் வரம்பில் வயதான ஒருவர் எதிர்ப்பட்டால் சைக்கிளை விட்டு இறங்குவார், மழையைப் பற்றிக் கதைப்பார், தண்ணீர் திறந்துவிட்டார்களோ என்று கேட்பார், மாட்டின் சுகத்தைக்கூடக் கேட்பார். மனுசரின் சுகத்தை மட்டும் கேட்கமாட்டார். ஒருமுறை வாய் தவறிக் கேட்டுவிட்டு, "எனக்கு இன்னும் நாள் கிடக்கு தம்பி, நீர் வேற வீட்டைப் போய்ப் பாரும்" என்று நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவர்.

பாவம், அந்தக் கிழவரிலும் பிழையில்லை. சின்னராசாவின் தொழில் அப்படி. செத்தவருடைய முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு, அவரின் பிறப்பு வளர்ப்பையும் வீட்டாரின் புலம்பலையும் பாட்டாகக் கட்டி, யாழ்ப்பாணத்தில் அச்சடித்து, வந்தவர்களுக்கெல்லாம் ஒவ்வொரு புத்தகம் கொடுப்பது வழக்கம். கல்லில் ஒரு எழுத்தும் வெட்டாவிட்டாலும் அதற்குப் பேர் கல்வெட்டு. அதை எழுதுகிறவரும், அன்றைக்குச் சபையில் இருந்து இராகத்தோடு வாசிக்கிறவரும் சின்னராசாதான்.

கதை எழுதத்தான் மனுசன் முதலில் பேனா பிடித்தார். கொழும்புப் பத்திரிகைகளுக்கு அனுப்பியதில் நாலைந்து அச்சிலும் வந்தன. அந்த மயக்கத்தில், 1959ஆம் ஆண்டு, கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர் வேலையை விட்டார். ஊரே தலையில் அடித்துக்கொண்டது. அவர் மட்டும், "எழுதி உலை வைக்கேலாது எண்டு ஆர் சொன்னது?" என்று நெஞ்சை நிமிர்த்தித் திரிந்தார். மூன்றாம் மாதமே அடுப்பு அதற்குப் பதில் சொல்லிவிட்டது. பத்திரிகைக்காரர் ஒரு கதையைப் போடலாம், போடாமலும் விடலாம். ஆனால் கல்யாணமும் சாவும் காணிப் பிணக்கும் ஒரு ஊரிலே நின்றுவிடுமா? இதைக் கண்டுபிடித்துக்கொண்டதுதான் அவருடைய கெட்டித்தனம். காலையில் காணிக் கந்தோருக்கு மனு, மத்தியானம் கல்வெட்டு அல்லது கல்யாண வாழ்த்து, பின்னேரம் மட்டும் கதை. "கதைக்கு நேரம் வாங்கத்தான் மற்றதெல்லாம் எழுதிறன்" என்பார். யாராவது அவரைக் கல்வெட்டுக்காரர் என்று அழைத்தால் கேட்காதவர்போல சைக்கிளை மிதித்துவிடுவார்.

ஆனாலும் அந்த மத்தியான வேலையில் அவர் காட்டிய கவனத்தைச் சொல்லத்தான் வேண்டும். பந்தலில் கதிரை போட்டு ஆம்பிளைகள் 'தர்மவான், கொடையாளி' என்று எடுத்துக்கொடுப்பதை மரியாதைக்குக் கேட்டுவிட்டு, மெல்ல எழும்பிப் போய்க் குசினி வாசலில் பலகையைப் போட்டுக் குந்துவார். செத்தவர் சோற்றில் முதலில் எதைத் தொடுவார், எந்தப் பிள்ளை பிறந்தபோது வீட்டில் நிற்கவில்லை, கோபம் வந்தால் யாரோடு கதைக்கமாட்டார், இதெல்லாம் பெண்களுக்குத்தானே தெரியும். வாசிக்கும்போது அவர்கள் கண்ணைத் துடைக்கச் சேலைத் தலைப்பை எடுத்தால் அடுத்த மாதம் இன்னும் இரண்டு வீட்டிலிருந்து ஆள் வரும். எடுக்காவிட்டால் பிழைப்புப் போச்சு.

இப்படி இரண்டு வருடம் தட்டுத்தடுமாறி ஓடியது. மனைவி இராசமலர் ஒருநாளும் சத்தம் போட்டவள் அல்ல. அந்த மாரிகாலத்தில் மட்டும் சொல்லிவிட்டாள்: தை மாதம் நெல்லு வெட்டும்வரை பொறுப்பாளாம், அதற்குப் பிறகும் இதே நிலை என்றால் சங்கக்கடைக்கே திரும்பிப் போக வேண்டியதுதானாம். சாமான் நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து கதை எழுத முடியாது என்பது சின்னராசாவுக்கு நன்றாகத் தெரியும்.

அந்த நேரத்தில்தான் அம்பலவாணர் கண்ணை மூடினார். காடு வெட்டிக் குடியேறிய முதல் ஆட்களில் ஒருவர். வாய்க்காலுக்கு இந்தக் கரையும் அந்தக் கரையும் அவருடைய இனசனம். அந்த வீட்டில் பேர் எடுத்தால் பிறகு ஊரில் ஒரு கல்வெட்டும் சின்னராசாவைத் தாண்டிப் போகாது. மூத்த மகன் மயில்வாகனம் ஐந்நூறு புத்தகம் அடிக்கச் சொன்னார். வழியனுப்பப் படலைவரை வந்தவர், குரலைத் தாழ்த்தி ஒரு கட்டளையும் போட்டார்.

"ஐஞ்சு பிள்ளையள் எண்டு எழுதுங்கோ."

ஆறாவது பிள்ளை பத்மாசனி. முல்லைத்தீவில் கடை வைத்திருந்த, முஸ்லிமான மஹ்றூபைக் கட்டிக்கொண்டு எட்டு வருடத்துக்கு முன் போனவள். தகப்பனுடைய செத்தவீட்டுக்கும் மயில்வாகனம் அவளை வரவிடவில்லை. ஆனால் தாய் தெய்வானைப்பிள்ளை, குசினி வாசலில் இருந்த சின்னராசாவுக்கு ஆறு பேரின் கதையையும் ஒன்றும் குறையாமல் சொல்லியிருந்தார். சின்னராசா எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, ஐந்து பேருக்குப் புலம்பல் எழுதினார். சொல்லவே கூச்சமாக இருக்கிறது, என்ன செய்வது, எழுதினார். பிழை பார்க்க வாங்கிப் படித்த இராசமலர் ஓர் இடத்தில் நிறுத்தி அவருடைய முகத்தைப் பார்த்தாள். அவர் பேனாவுக்கு மை ஊற்றப் போய்விட்டார்.

முப்பத்தோராம் நாள் பந்தல் கொள்ளாத சனம். அம்பலவாணரின் படத்துக்கு முன்னால் பாயில் சப்பாணி கட்டி இருந்து சின்னராசா வாசிக்கத் தொடங்கினார். படித்தவர்கள் தங்கள் புத்தகத்தில் விரல் வைத்துக் கூடவே வந்தார்கள். மனைவி புலம்பலிலேயே பெண்கள் பக்கம் விம்மல் கேட்டது. பிறகு பிள்ளைகளின் முறை, மக்கள் புலம்பல். தெய்வானைப்பிள்ளைக்கு வாசிக்கத் தெரியாது. ஒவ்வொரு பிள்ளையின் பேர் வந்தபோதும் ஒவ்வொரு விரலாக மடக்கிக்கொண்டிருந்தார். ஐந்தாவது முடிந்தது. சின்னராசா மருமக்கள் புலம்பலுக்கு வாயெடுத்தார்.

"தம்பி, ஒரு பக்கத்தை விட்டிட்டியள் போல கிடக்கு" என்றார் அந்த அம்மா. "நான் ஆறெல்லோ பெத்தனான்."

அது குற்றம் சொல்லும் குரல் அல்ல. அவசரத்தில் இரண்டு தாள் சேர்ந்து புரண்டிருக்கும் என்று உண்மையாகவே நம்பிய குரல். தூணோடு நின்ற மயில்வாகனத்தின் முகம் கறுத்தது. சின்னராசாவின் வருங்காலம் முழுவதும் அந்தப் பந்தலுக்குள்தான் இருந்தது. மயில்வாகனம் ஒரு சொல் சொன்னால் போதும், இந்தச் சனத்தில் ஒருவரும் இனி அவருடைய வாசலை மிதிக்கமாட்டார்கள். 'அச்சில் இருக்கிறது இவ்வளவுதான் அம்மா' என்று சொல்லித் தப்பவும் வழி இருந்தது. அது பொய்யும் அல்ல.

அவர் தெய்வானைப்பிள்ளையை நிமிர்ந்து பார்த்தார்.

"ஓம் அம்மா, என்ரை பிழைதான். தாண்டிப் போட்டன்."

விரலை நாக்கில் தொட்டுத் தாள்களைத் தள்ளினார். கடைசித் தாளுக்கும் அப்பால், பின் அட்டையின் உட்புறம், ஓர் எழுத்தும் இல்லாத வெள்ளை. அதைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு, "மகள் பத்மாசனி புலம்பல்" என்று தலைப்பை வாசித்தார். பிறகு, குசினி வாசலில் அந்த அம்மா சொன்னதெல்லாம் பாட்டாக வந்தது. எங்கேயும் தட்டாமல், அச்சில் பார்த்து வாசிக்கிறவரைப் போலவே போனார். முதல் அடியிலேயே தெய்வானைப்பிள்ளை மற்றக் கையில் ஒரு விரலை மடக்கிவிட்டு, வாய்விட்டு அழத் தொடங்கினார்.

புத்தகம் வைத்திருந்தவர்களுக்கு விரலை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு எல்லோரும் மயில்வாகனத்தைப் பார்த்தார்கள். அவர் தாயைப் பார்த்தார். பிறகு தன் புத்தகத்தைப் புரட்டி, அந்த வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, முதல் வரி இருக்க வேண்டிய இடத்தில் விரலை வைத்தார்.