எங்கள் தவணையில் ஏறிய இன்னொரு முருகனின் கடன்

இன்று காலை, செங்கல்பட்டில் எங்களுக்கு வீட்டுக்கடன் கொடுத்த நிறுவனத்தின் கவுன்ட்டரில்...

ஆறாவது முறையாகப் போய் நின்றேன்.

கூடுவாஞ்சேரியில் நாங்கள் கட்டிய வீட்டுக்கு மாதத் தவணை ஏழாயிரத்து இருநூறு. இரண்டு வருடத்துக்கு முன்னால் திடீரென்று பத்தாயிரத்து நானூறு பிடிக்க ஆரம்பித்தார்கள். கடிதம் இல்லை, தகவல் இல்லை!

கேட்கும்போதெல்லாம் ஒரே பதில்.

"ஃப்ளோட்டிங் ரேட் மேடம். வட்டி ஏறிடுச்சு."

(வட்டி இறங்கியதாகப் பேப்பரில் வந்த மாதம் போய்க் கேட்டால், "ஹெட் ஆபீஸைக் கேளுங்க"!)

என் கணவர் முருகன் ஒரு மருந்துக் கம்பெனியில் பேக்கிங் சூப்பர்வைசர். சம்பளத்தில் பாதிக்கு மேல் தவணைக்கே போனது. கடைசியில், ஆறு மாதத்துக்கு முன்னால், வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு நாங்கள் நான்கு பேரும் ஸ்டேஷன் பக்கம் ஓர் ஒற்றை அறைக்குக் குடிபோனோம்.

போன வாரம் வாடகை வாங்கப் போனேன். என் அடுக்களை ஜன்னலில் அவர்கள் புதுத் திரை போட்டிருந்தார்கள். நன்றாகத்தான் இருந்தது. வாசலிலேயே நின்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இன்று நான் நகரவில்லை. "ஸ்டேட்மென்ட் குடுங்க, அப்பதான் போவேன்" என்று உட்கார்ந்துவிட்டேன்.

புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் அச்செடுத்துக் கொடுத்தார். அதில் ஒரு வரி: கூடுதல் கடன், மூன்று லட்சம்.

"நாங்க வாங்கவே இல்லியேம்மா!"

"சைன் போட்டிருக்காரே மேடம்" என்று கோப்பைப் பிரித்தவர் அப்படியே நிறுத்திவிட்டார்.

விண்ணப்பத்தில் ஒட்டியிருந்த போட்டோவில் வேறு யாரோ. பெரிய மீசை. (என் கணவருக்கு மீசையே கிடையாது!)

மேனேஜர் வந்து பார்த்தார். "பேரு, இனிஷியல் ரெண்டும் ஒண்ணா இருக்குல்ல மேடம், அதான்..."

அதான்! இரண்டு வருடத்துக்கு ஓர் "அதான்"!

அந்த முருகனுக்குப் போன் போட்டார்கள். திருவிடந்தையிலிருந்து மதியம் வந்தார். டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறவர், காக்கிச் சட்டையோடேயே வந்திருந்தார்.

அவரை என்னென்னவோ கேட்க நினைத்திருந்தேன். விஷயத்தைக் கேட்டதும் அவர் மேனேஜரிடம் திரும்பினார்.

"நானே ரெண்டு தபா வந்து கேட்டேனே சார்! புதுக் கடனுக்கு இன்னும் பணம் புடிக்கலியே, இன்னா சார்னு. சிஸ்டம் பாத்துக்கும், நீ போன்னு சொன்னது யாரு?"

மேனேஜர் கால்குலேட்டரைத் தட்டினார். "இருபத்துநாலு மாசம் பாக்கி. அபராத வட்டி தனி. மாசக் கடைசிக்குள்ள மொத்தமா கட்டிடுங்க."

"அவ்ளோ டப்புக்கு எங்க போவேன்? வேனைத்தான் விக்கணும். வித்துட்டு அப்பால இன்னாத்த ஓட்டறது?"

மேனேஜர் கோப்பை மூடி என் பக்கம் திரும்பினார்.

நாங்கள் கூடுதலாகக் கட்டிய பணம்? கையில் வராதாம்! "அசல்ல கழிச்சிடறோம் மேடம். கடன் சீக்கிரம் முடிஞ்சிடும்."

அடுத்த மாதம் தவணை குறையும். ஆனால் வீட்டுக்குத் திரும்ப முடியாது. குடியிருப்பவர்கள் தந்த அட்வான்ஸ் எப்போதோ தவணைக்குப் போய்விட்டது. அதைத் திருப்பிக் கொடுக்காமல் எந்த வாயால் காலி செய்யச் சொல்வது?

தவறு தங்களுடையது என்று எழுதித் தரச் சொன்னேன். "அதுக்கு ஃபார்மட் இல்ல மேடம்."

வெளியே படியில் அந்த முருகன் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்தார்.

"உங்க வூட்டுக் காசுல இத்தினி நாளு ஓட்டிகினு இருந்தேன்னு சத்தியமா தெரியாதுக்கா. மன்னிச்சுக்கோக்கா."

காலையிலிருந்து அந்த அலுவலகத்தில் ஒருவரும் சொல்லாத வார்த்தை. எனக்கு அழுகை வந்துவிட்டது. "உன் மேல தப்பில்லப்பா" என்று மட்டும் சொல்ல முடிந்தது.

நண்பர்களே, நிறுவனத்தின் தவறால் விழுந்த அபராத வட்டியைத் தள்ளுபடி செய்ய வைக்க வழி இருக்கிறதா? யாருக்கு எழுத வேண்டும்? தெரிந்தவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

எனக்கில்லை. அவருக்கு.

மாதக் கடைசிக்கு இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கிறது.