நம்ம ஆளை அனுப்பும் ஆண்டவரே

“செல்வி, நெஞ்சை யாரோ மிதிக்கிற மாதிரி இருக்கு.”

இவ்வளவுதான் சொன்னார் என் கணவர். சொல்லிவிட்டுக் காரை ஓரங்கட்டி, ஸ்டியரிங் மேல் தலையைச் சாய்த்தார். முகம் சாம்பல் நிறமாகிவிட்டது. சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. 2005-ம் வருடம், வெயில் ஏறத் தொடங்கிய ஒரு வெள்ளிக்கிழமை. புஜைராவிலிருந்து ஷார்ஜாவுக்குப் போகும் பழைய மலைப்பாதை. இரண்டு பக்கமும் மொட்டைப் பாறை. எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. கைபேசியில் சிக்னல் இல்லை. பின்சீட்டில் எங்கள் நாலு வயது மகள் ஷீபா. என் கணவருக்கு அன்றைக்கு வயது முப்பத்தெட்டு.

இதை வாசிக்கிற அன்பு உடன்விசுவாசிகளே, அந்த இடத்தில் ஆண்டவர் எங்களுக்கு எப்படி உதவி அனுப்பினார் என்பதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். சபையில் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஆனால் கேட்டவர்கள் ஆளுக்கொரு கை மசாலா சேர்த்து, கதை இப்போது என் கதையாகவே இல்லை. அதனால் நடந்ததை நடந்தபடி நானே எழுதிவிடுகிறேன்.

நாங்கள் நாகர்கோவில் பக்கம். ஷீபா அப்பா புஜைராவில் எண்ணெய்த் தொட்டிகள் இருக்கிற ஒரு கம்பெனியில் டெக்னீஷியன். அவர் பெயர் டேனியல். ஆனால் கல்யாணமான புதிதில் ‘என்னங்க’, பிள்ளை பிறந்த பிறகு ‘ஷீபா அப்பா’. பெயரைச் சொல்லி நான் கூப்பிட்டதே இல்லை. எங்கள் ஊரில் பெண்கள் அப்படித்தான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதில்தான் நான் கோட்டை விடப்போகிறேன்.

வளைகுடாவில் வெள்ளிக்கிழமைதான் லீவு, அதனால் ஆராதனையும் வெள்ளிக்கிழமைதான். எங்கள் தமிழ்க் கிறிஸ்தவ ஐக்கியத்தில் பத்துப் பதினைந்து குடும்பங்கள். வேனில் எல்லாரும் நெருக்கிக்கொண்டு ஷார்ஜாவுக்குப் போவோம். பாட்டும் புளியோதரையும் பிள்ளைகள் வாந்தியுமாக அந்தப் பயணம் இருக்கும். இன்றைக்கும் புளியோதரை கிண்டினால் எனக்கு அந்த வேனின் ஏசி வாசம்தான் வருகிறது.

அந்த வாரம் மட்டும் நாங்கள் தனியாகப் போனோம். காரணம் ஒரு கழுதை. ஆராதனை முடிந்ததும் நல்ல சமாரியன் நாடகம். கள்ளர் அடித்துப் போட்டவனை ஆசாரியன் கண்டும் தாண்டிப் போக, வேற்று ஜனமான சமாரியன் தன் கழுதையில் ஏற்றிக் காப்பாற்றுகிற, ஆண்டவர் சொன்ன கதை. ஷீபா அப்பா அட்டையில் கழுதைத் தலை செய்திருந்தார். காது இரண்டும் நிமிர்ந்து நின்றதால் அது வேனுக்குள் ஏறவில்லை. நாடகத்தில் சமாரியனும் அவர்தான். அந்த வேஷத்துக்கு எங்கள் ஐக்கியத்தில் அடிதடி. கள்ளனாக நடிக்க ஆள் கிடைக்காது, ஆசாரியனுக்குக் கெஞ்ச வேண்டும், சமாரியன் மட்டும் நல்ல சாட்சியுள்ள ஆளுக்குத்தான் என்று மூப்பர் தங்கையா அண்ணன் தீர்மானமாகச் சொல்லிவிடுவார்.

இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. ஆண்டவர் அந்தக் கதையைச் சொன்னபோது, கேட்ட யூதர்களுக்குச் சமாரியன் என்றாலே ஆகாது. ஒரே கிணற்றில் தண்ணீர் மொண்டு குடிக்க மாட்டார்கள். நமக்கோ அது மரியாதையான பெயர். எங்கள் ஊர்ப் பக்கம் மருந்துக் கடைக்கும் ஆம்புலன்ஸுக்கும் அந்தப் பெயரை வைப்பார்கள். சண்டே ஸ்கூல் படத்தில் தலைப்பாகையும் எண்ணெய்க் குப்பியுமாக அழகாக இருப்பார். அப்படி ஒரு ஜனம் பூமியில் இன்னும் இருக்கிறதா என்று நான் யோசித்ததேயில்லை.

நாடகம் போட வேண்டிய சமாரியன் இப்போது வழியோரம் விழுந்து கிடக்கிறார். சீட்டைப் பின்னால் சாய்த்துப் படுக்க வைத்தேன். ஷீபா அழுததால் அவளைக் கழுதையோடு வெளியே பாறை நிழலில் நிறுத்தினேன். நடுரோட்டில் நின்று வாய்விட்டு ஜெபித்தேன்.

“ஆண்டவரே, நம்ம ஆளு யாரையாவது அனுப்பும். நம்ம ஆளை அனுப்பும் ஆண்டவரே.”

வளைகுடாவில் இருந்தவர்களுக்கு இந்தச் சொல் தெரியும். புது முகத்தைப் பார்த்தால் முதலில் கேட்பது ‘நம்ம ஆளா?’ என்றுதான். ஒருவருக்கு அது தமிழ் ஆள், இன்னொருவருக்கு நம்ம ஜில்லா, இன்னொருவருக்கு நம்ம சபை. எனக்கு அன்றைக்கு மூன்றும் சேர்ந்தே வேண்டியிருந்தது.

கேட்டபடியே ஒரு கார் வந்தது. கண்ணாடி இறக்கியிருந்தது. உள்ளே நம்முடைய பாமாலைப் பாட்டு. முன்னால் சின்னச் சிலுவை தொங்கியது. நான் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினேன். பின்சீட்டுப் பிள்ளைகள் என்னையும், ஷீபாவையும், கழுதையையும் பார்த்தார்கள். பிள்ளைகள் மூன்று பேரும் சிரித்தபடி எனக்குக் கை ஆட்டினார்கள். அவர்களைப் பெற்றவளும் ஆட்டினாள். கார் போய்விட்டது.

அவர்களைக் குற்றம் சொல்ல மாட்டேன். வெள்ளிக்கிழமைகளில் அந்த மலை ஓரங்களில் குடும்பம் குடும்பமாகப் பாய் விரித்துச் சாப்பிடுவார்கள். அட்டைக் கழுதையோடு நிற்கிறவர்களைப் பார்த்தால் யாருக்குத்தான் சாவு வீடு ஞாபகம் வரும்? ஆராதனைக்கு வேறு நேரமாகியிருக்கும். ஆனால் அந்த நேரத்தில் எனக்கு அந்த நியாயமெல்லாம் தோன்றவில்லை. ஜல்லி லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு இறக்கத்தில் பாய்ந்து போனது. அப்புறம் ஒன்றுமே வரவில்லை. ஜும்ஆ தொழுகை நேரம் நெருங்கிவிட்டது. அந்த நேரத்தில் நாடே மசூதிக்குள் போய்விடும், ரோடு வெறிச்சோடிவிடும்.

காருக்குள் அவர் முனகுவது கேட்டது. எனக்கு ஜெபம் வரவில்லை. ஆண்டவர் மேல் கோபம் வந்தது. நம்ம ஆளைக் கேட்டேன், நம்ம ஆளேதானே வந்தார்கள், கை ஆட்டிவிட்டுப் போகவா அனுப்பினீர் என்று சண்டை பிடித்தேன். கொஞ்ச நேரத்தில் சண்டை போடவும் தெம்பில்லை. ‘நம்ம ஆளை’ என்ற சொல் எங்கேயோ விழுந்துவிட்டது. ‘அனுப்பும், அனுப்பும்’ என்பது மட்டும் வாயில் மிஞ்சியது.

அப்போதுதான் எதிர்ப்பக்கமிருந்து ஒரு பழைய வெள்ளை வேன் வந்தது. என்னைத் தாண்டிப் போய் நின்று, பின்பக்கமாகவே உருண்டு வந்தது. இறங்கியவர் ஐம்பது வயது அரபி. தொழுகைக்கென்று தேய்த்துப் போட்ட வெள்ளை அங்கி, தோளில் கட்டம் போட்ட துணி. காருக்குள் குனிந்து பார்த்தார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

“யல்லா, யல்லா. காலைப் பிடி.” சீக்கிரம் என்று அரபியில் விரட்டி, மற்றதைக் கைஜாடையும் உடைந்த இங்கிலீஷுமாகச் சொன்னார்.

ஷீபா அப்பா கனத்த உடம்பு. இருவருமாக இழுத்து வேனில் ஏற்றினோம். உள்ளே முழுக்க அட்டைப் பெட்டிகள். எல்லாம் சோப்பு. ஆலிவ் எண்ணெயில் செய்கிற சோப்பின் வாசம், பச்சையாக, சுத்தமாக, மூக்கில் ஏறியது. பெட்டிகளைச் சமமாகத் தள்ளி, அவற்றின் மேல் ஷீபா அப்பாவைப் படுக்க வைத்தார். தோள்துணியைத் தண்ணீரில் நனைத்து நெற்றியில் போட்டார். அந்த வெள்ளை அங்கியின் மேலேயே ஷீபா அப்பா வாந்தி எடுத்தார். நான் பதறிப்போய் என் துப்பட்டாவால் துடைக்கப் போனேன்.

“மாஃபி முஷ்கிலா,” என்றார். பரவாயில்லை என்று அர்த்தம்.

கிளம்பப்போகும்போது ஷீபா கழுதையை விட்டு வர மாட்டேன் என்று கத்தினாள். அந்த மனுஷர் ஒரு நொடி அவளைப் பார்த்தார். இறங்கிப் போய்க் கழுதைத் தலையைத் தூக்கிக்கொண்டு வந்து தன் பக்கத்துச் சீட்டில் வைத்தார். அப்புறம் புஜைராவுக்கு அப்படி ஒரு ஓட்டு ஓட்டினார். வழியில் மசூதி ஒன்றில் தொழுகைக்கு அழைத்தார்கள். அவர் உதடு அசைந்தது, கால் பிரேக்குக்குப் போகவில்லை.

ஆஸ்பத்திரியில் வாசலிலேயே ஸ்ட்ரெச்சரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கையை விரித்திருப்போம் என்றார் டாக்டர். நான் ஐசியூ வாசலில் முழங்காலில் இருந்தேன். மாலையில் வெளியே வந்து பார்த்தால், அந்த மனுஷர் கறை படிந்த அங்கியோடு அங்கேயே உட்கார்ந்திருக்கிறார். ஷீபா அவர் மடியில் தூங்குகிறாள். விளையாட வேறொன்றும் இல்லாததால் கொடுத்திருப்பார் போல, அவள் கையில் ஒரு சோப்புக் கட்டி. பிழைத்துவிட்டார் என்று நான் சொன்னதும் கண்ணை மூடி “அல்ஹம்துலில்லாஹ்” என்று கடவுளைத் துதித்தார். குழந்தையை என் தோளில் போட்டுவிட்டுக் கிளம்பினார். பெயர் கேட்கக்கூட எனக்குப் புத்தி இல்லை. ஒரு நர்ஸ்தான் அவரை அழைத்து ஏதோ கேட்டாள். அவர் சொன்ன பதில் ‘அபு சமாரி’ என்று என் காதில் விழுந்தது.

சமாரி. சமாரியன்.

ஐக்கியத்துக்கு போன் போட்டு அதைத்தான் முதலில் சொன்னேன். அடுத்த வாரம் சாட்சி சொன்னபோது சபையே எழுந்து நின்று கை தட்டியது. தங்கையா அண்ணன் கண்ணீரோடு, “வந்தது மனுஷன் இல்லம்மா. தேவதூதன். தேடிப் பாரு, அப்படி ஒரு ஆளே இருக்க மாட்டான்,” என்றார்.

எனக்கு அது பிடிக்கவில்லை. தேவதூதனுக்கு வியர்க்குமா? கனத்த ஆளைத் தூக்கிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிற்பாரா? ஒரு அரபிக்காரர் உதவினார் என்று சொல்ல ஏன் இவ்வளவு கஷ்டம் என்று வாய் வரைக்கும் வந்தது. அண்ணன் மனசு நோகக் கூடாது என்று விழுங்கினேன்.

ஷீபா அப்பா வீடு வந்த பிறகு, அந்தச் சோப்பைக் கீழே மளிகைக் கடை வைத்திருந்த மலையாளியிடம் காட்டினேன். அவருக்கு அதன் அரபி எழுத்தும் தெரியும், அதை விற்கிற கடையும் தெரியும். பழைய சந்தைக்குள் ஒரு சின்னக் கடை. ஆலிவ், எண்ணெய், சோப்பு. வாசலிலேயே வாசம் என்னைப் பிடித்து இழுத்தது. உள்ளே கல்லாவில் அவரேதான்.

“கழுதை நலமா?” என்றார் முதலில்.

அழுகையும் சிரிப்புமாக நன்றி சொன்னேன். பிறகு, தெரிந்த இங்கிலீஷில் கேட்டே விட்டேன். “நீங்கள் சமாரியரா?”

அவர் விழித்தார். நான் ‘அபு சமாரி’ என்று சொன்னதும் கல்லாவைத் தட்டிச் சிரித்தார். “அபு சமீர். சமீர் என் மூத்த பையன். சமீரின் அப்பா. எங்கள் பக்கம் ஆம்பிளையைப் பிள்ளை பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள்.”

சமீர் அப்பா. ஷீபா அப்பா. வருடக்கணக்காக வீட்டில் நான் கூப்பிடுகிற அதே முறை. அதைப் போய்ச் சமாரியன் என்று சபை நடுவே சாட்சி சொல்லியிருக்கிறேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. வெளியே கிளம்பப் பார்த்தேன்.

அவர்தான் நிறுத்தினார். “சமாரியரை உனக்கு எப்படித் தெரியும்?” எங்கள் வேதத்தில் இருக்கிறார்கள் என்றேன். “வேதத்திலா?” என்று அவர் ஆச்சரியப்பட்டார். “எங்கள் தெருவில் இருந்தார்களே.”

அவர் ஊர் நாப்ளுஸ். பாலஸ்தீனத்தில் கெரிசீம் மலையடிவாரம். அந்த மலைதான் சமாரியருக்குப் பரிசுத்த மலை. கொஞ்சம் பேர்தான், சில நூறு. அரபி பேசுவார்கள், கடை வைத்திருப்பார்கள். சனிக்கிழமை அடுப்புப் பற்ற வைக்க மாட்டார்கள், தொழுகைக்குத் தவிர வெளியே வர மாட்டார்கள். நான் படத்தில் மட்டும் பார்த்த ஜனம் அவருக்குச் சீனி இரவல் கேட்கிற பக்கத்து வீடு. வாய் பிளந்து கேட்டேன்.

“சமீர் பிறந்தபோது ஊரடங்கு,” என்றார். “தெருவில் தலை காட்டினால் சிப்பாய்கள் சுடுவார்கள். என் மனைவிக்கு வலி வந்துவிட்டது. பிள்ளை மாறிக் கிடந்தது. கத்துவது சுவர் தாண்டிக் கேட்டிருக்கிறது. பக்கத்து வீட்டுச் சமாரியக் கிழவி மொட்டைமாடி வழியாக ஏறிக் குதித்து வந்தாள். அன்றைக்குச் சனிக்கிழமை. அவளுடைய பரிசுத்த நாள். ‘இன்றைக்கு உனக்கு ஓய்வு நாள் ஆச்சே’ என்றேன். ‘வழி விடு’ என்றாள். அவள் கையில்தான் சமீர் பிறந்தான்.”

கொஞ்ச நேரம் சோப்புகளை அடுக்கினார். “வெள்ளிக்கிழமை ரோட்டில் உன்னைப் பார்த்தேன். தொழுகைக்கு நேரமாகிவிட்டதே என்று தாண்டித்தான் போனேன். அவள் ஞாபகம் வந்தது. வண்டியைப் பின்னால் எடுத்தேன்.”

அந்தக் கடையிலேயே உட்கார்ந்து அழுதேன். நான் ஜெபிப்பதற்குப் பல வருடம் முன்பே என் ஆண்டவர் பதிலை அனுப்பிவிட்டிருக்கிறார். எங்கேயோ ஒரு மொட்டைமாடி வழியாக அது கிளம்பி வந்திருக்கிறது. என் காது கேட்டதும் முழுக்கப் பிழையில்லை. வந்தவர் சமாரியன் இல்லை, ஆனால் அவரை அனுப்பியதில் ஒரு சமாரியப் பெண்ணுக்குப் பங்கு இருந்தது. அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று எல்லாவற்றையும் அப்படியே சொன்னேன். தங்கையா அண்ணன், “அவருக்குப் புளியோதரை பிடிக்குமாம்மா?” என்று கேட்டார். பிடித்தது. நாங்கள் ஊர் திரும்பும் வரை அபு சமீருக்கு ஒரு பொட்டலம் தனியாகக் கட்டினேன்.

அந்த வேன், அந்தப் பாட்டு, அந்தச் சந்தை, எல்லாம் மனசில் அப்படியே இருக்கின்றன. ஷீபாவுக்குக் கல்யாணமாகிவிட்டது. அவள் அப்பா உப்புக் குறைவு என்று தினமும் சண்டை போட்டுக்கொண்டு சுகமாக இருக்கிறார். ஒரு சோப்புக் கட்டியைப் பீரோவில் சேலைகளுக்கு நடுவே வைத்திருக்கிறேன். வாசம் குறைந்துவிட்டது, போகவில்லை.

இக்கட்டில் இருக்கிற என் சகோதரனே, சகோதரியே, தைரியமாக ஜெபியுங்கள். நம்ம ஆளை அனுப்பும் என்றே கேளுங்கள். யார் நம்ம ஆள் என்பதை மட்டும் ஆண்டவரிடம் விட்டுவிடுங்கள்.

இப்போது ஊரில் சபைக் கோயில் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம்தான். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை முதல் மணி அடிக்கும் முன்பே நாங்கள் கிளம்பிவிடுவோம். “இவ்வளவு சீக்கிரமா போய் என்ன செய்யப் போறீங்க?” என்று பக்கத்து வீட்டில் கேட்பார்கள். ஷீபா அப்பா செருப்பை மாட்டிக்கொண்டே சொல்வார்.

“வழியில யாராவது கை காட்டுனா நிக்கணும்லா.”